பணவீக்கம், அரசின் கொள்கை, வளர்ச்சி: இலங்கையின் ஐந்தாண்டுகளை வைத்து ஒரு விளக்கம்

விலைவாசி பற்றிப் பேச்சு எழும் இடத்தில், "அரசாங்கம் காசை அச்சடித்தது, சாமான் விலை ஏறியது" என்று ஒருவர் சொல்வார், "உலகம் முழுக்க விலை ஏறியது, அரசாங்கம் என்ன செய்யும்?" என்று இன்னொருவர் மறுப்பார், "நாடு வளர வேண்டுமென்றால் விலை ஏறத்தான் செய்யும்" என்று மூன்றாமவர் பேச்சை முடித்துவைப்பார். மூன்று கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எது எந்த அளவுக்கு உண்மை என்பதைப் பிரித்துப் பார்க்காமல், அவரவர் கட்சிக்கு ஏற்றதை எடுத்துக்கொள்வதால்தான் இந்த விவாதம் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

இக்கட்டுரை 2019ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2024ஆம் ஆண்டு வரை இலங்கையில் நடந்தவற்றை எடுத்துக்கொண்டு, அரசின் முடிவுகள் எந்த வழியாகச் சென்று விலையையும் உற்பத்தியையும் தொடுகின்றன என்பதைப் பொருளியல் படிக்காத வாசகருக்கு விளக்குகிறது. பாடநூல்களில் தனித்தனி அத்தியாயங்களில் வரும் நிலைமைகள் பலவும் அந்த ஒரு நாட்டில் மிகக் குறுகிய காலத்துக்குள் அடுத்தடுத்து வந்துபோயின என்பதே இத்தேர்வுக்குக் காரணம்.

விலை ஏறுவதும் பணவீக்கமும்

மழையால் தோட்டம் அழிந்து தக்காளி விலை இருமடங்கானால், அது தக்காளியின் விலையேற்றம். அதைப் பணவீக்கம் என்று சொல்வதில்லை. ஒரு குடும்பம் வழக்கமாக வாங்கும் அரிசி, மா, எரிபொருள், வீட்டு வாடகை, பேருந்துக் கட்டணம், மருத்துவச் செலவு ஆகியவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது அந்த மொத்தச் செலவு எவ்வளவு வேகமாக உயர்கிறது என்பதே பணவீக்கம். இலங்கையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாதந்தோறும் இந்த விலைகளைத் திரட்டி, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் என்ற ஒற்றை எண்ணாகச் சுருக்குகிறது. இந்த மாதத்துச் சுட்டெண், சென்ற ஆண்டு இதே மாதத்தைவிட எத்தனை சதவீதம் கூடியிருக்கிறதோ அதுவே செய்திகளில் வரும் பணவீக்க வீதம்.

2022 செப்டெம்பரில் அந்த வீதம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. ஓராண்டு கழித்து, 2023 செப்டெம்பரில், அது 1.3 சதவீதமாக இறங்கியது. "பணவீக்கம் இறங்கிவிட்டது என்கிறார்கள், பாண் விலை இறங்கவில்லையே" என்ற கேள்வி அப்போது பரவலாக எழுந்தது. கேள்வி நியாயமானது, கணக்கும் பொய்யல்ல. 2021 செப்டெம்பரில் 100 ரூபாயாக இருந்த பொருட்தொகுதி, ஓராண்டில் ஏறத்தாழ 170 ரூபாயானது. அடுத்த ஆண்டில் 172 ரூபாய் அளவில் நின்றது. பணவீக்கம் குறைந்ததால், ஏறிய விலை மேலும் ஏறாமல் நின்றதே தவிர, பழைய 100 ரூபாய் திரும்பவில்லை. வீதம் சுழியத்துக்குக் கீழே போனால் மட்டுமே விலைமட்டம் உண்மையில் இறங்கும்.

ஒரு தீவும் ஒரு படகும்

இனி, விலைமட்டம் ஏன் உயர்கிறது என்பதற்கு வருவோம். நெடுந்தீவைப் போன்ற ஒரு சிறு தீவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடைகளில் இருக்கும் சரக்கில் ஒரு பகுதி தீவிலேயே விளைவது. மீதி குறிகட்டுவானிலிருந்து படகில் வருவது. கடல் கொந்தளித்துப் படகு ஒரு வாரம் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரத்தில் தீவிலுள்ள எல்லோருக்கும் சம்பளம் இருமடங்காகக் கிடைத்தால் என்ன ஆகும்? கையில் காசு கூடியிருக்கிறது, அலமாரியிலிருக்கும் அரிசியோ ஒரு கிலோவும் கூடவில்லை. ஒரே மூட்டைக்கு இரண்டு மடங்கு காசு போட்டியிடும், விலை ஏறும். படகு வழக்கம்போல் ஓடி, தோட்டத்திலும் விளைச்சல் கூடியிருந்தால், அதே சம்பள உயர்வு பெரிய விலையேற்றம் இல்லாமல் கூடுதல் வியாபாரமாக முடிந்திருக்கும். சம்பளம் ஏறாமல் படகு மட்டும் நின்றிருந்தாலும் விலை ஏறியிருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே விலையேற்றத்துக்குப் பணத்தை மட்டுமோ பொருளை மட்டுமோ காரணமாகக் காட்ட முடியாது. ஒரு நாட்டில் நடக்கும் மொத்தச் செலவும், அந்த நாட்டால் உற்பத்தி செய்யவும் இறக்குமதி செய்யவும் முடிகிற மொத்த அளவும் ஒன்றையொன்று எந்த இடைவெளியில் தொடர்கின்றன என்பதுதான் விலைமட்டத்தைத் தீர்மானிக்கிறது. செலவு முந்தினாலும், உற்பத்தியும் இறக்குமதியும் பின்தங்கினாலும் முடிவு ஒன்றே. இலங்கையில் இவ்விரண்டும் ஒரே நேரத்தில் நடந்தன.

இறைக் கொள்கையும் நாணயக் கொள்கையும்

அரசு இந்த இடைவெளியைத் தொடும் வழிகள் இரண்டு. எவ்வளவு வரி வாங்குவது, எவ்வளவு செலவு செய்வது, குறைவதை எங்கே கடன் வாங்குவது என்ற முடிவுகள் இறைக் கொள்கை எனப்படும். இவற்றை நிதியமைச்சும் நாடாளுமன்றமும் எடுக்கின்றன. வட்டி எந்த அளவில் இருக்க வேண்டும், நாட்டில் பணம் எவ்வளவு புழங்க வேண்டும் என்ற முடிவுகள் நாணயக் கொள்கை எனப்படும். இவை மத்திய வங்கியின் பொறுப்பு.

இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் "காசு அச்சடித்தல்" நடக்கிறது. அரசின் செலவு வருமானத்தை மிஞ்சும்போது, திறைசேரி உண்டியல் என்ற குறுங்காலக் கடன் பத்திரத்தை அரசு விற்கிறது. அதைப் பொதுமக்களோ வணிக வங்கிகளோ வாங்கினால், ஏற்கெனவே இருக்கும் பணம் கைமாறுகிறது. வாங்கியவர் வேறு எதற்கோ செலவழித்திருக்கக்கூடிய தொகை அரசின் கைக்குப் போகிறது. அதே பத்திரத்தை மத்திய வங்கி வாங்கினால் நிலைமை வேறு. மத்திய வங்கி யாரிடமிருந்தும் பணத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. அரசின் கணக்கில் ஒரு தொகையை வரவு வைக்கிறது, அவ்வளவுதான். அந்தத் தொகை அதற்கு முன் எங்கும் இருந்ததில்லை. அச்சு இயந்திரம் ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை. பெரும்பகுதி கணினியில் எழுதப்படும் எண்.

புதிதாக உண்டான பணம் எல்லாம் உடனே விலையை ஏற்றிவிடும் என்பதும் சரியல்ல. மக்கள் செலவழிக்கத் தயங்கும் காலத்தில் அது வங்கிகளில் தேங்கி நிற்கும். 2020ஆம் ஆண்டு அப்படித்தான் இருந்தது: பெருந்தொற்று முடக்கம், வாகன இறக்குமதிக்குத் தடை, மூடிய கடைகள். அந்த ஆண்டின் சராசரிப் பணவீக்கம் 5 சதவீதத்துக்கும் குறைவு. இதைப் பார்த்துவிட்டு, பணத்தை உருவாக்கினாலும் விலை ஏறாது என்று கொழும்பில் பொறுப்பான பதவிகளில் இருந்தவர்களே வாதிட்டார்கள். தீ பிடிக்கத் தாமதமானதை, விறகு எரியாது என்று எடுத்துக்கொண்டதாகவே அதைக் கருத வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதைத் தொகுத்துக்கொள்வோம். பணவீக்கம் என்பது பொது விலைமட்டம் உயரும் வேகம். செலவுக்கும் கிடைக்கும் பொருளுக்கும் இடையிலான இடைவெளி அதை உண்டாக்குகிறது. அரசின் பற்றாக்குறையை மத்திய வங்கி புதுப் பணத்தால் நிரப்பும்போது, அந்த இடைவெளி சற்றுத் தாமதித்து விரிகிறது.

2019 முதல் 2022 வரை

2019 நவம்பரில் பதவியேற்ற கோட்டாபய ராஜபக்சவின் அரசாங்கம், சில வாரங்களுக்குள் பெறுமதிசேர் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தது. நாட்டைக் கட்டியெழுப்பும் வரியை நீக்கியது. சம்பளத்திலிருந்து மாதந்தோறும் கழிக்கப்பட்ட வருமான வரியையும் கைவிட்டது. மக்களின் கையில் காசு நின்றால் வியாபாரம் பெருகும், வியாபாரம் பெருகினால் குறைந்த வீதத்திலும் வரி கூடுதலாக வரும் என்பது சொல்லப்பட்ட நியாயம். நடந்தது வேறு. 2019இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், அதாவது நாட்டில் ஓராண்டில் உற்பத்தியாகும் பொருட்கள் சேவைகளின் மொத்த மதிப்பில், 11.6 சதவீதமாக இருந்த வரி வருமானம், அடுத்த ஆண்டே 8.1 சதவீதமாக விழுந்தது. உலகிலேயே மிகக் குறைவாக வரி திரட்டும் நாடுகளின் வரிசையில் இலங்கை போய் நின்றது. வீழ்ச்சியில் ஒரு பங்கு பெருந்தொற்றால் வந்தது என்பது உண்மை. ஆனால் வரிக் குறைப்பு வந்தபோது பெருந்தொற்று இலங்கையை எட்டியிருக்கவில்லை.

அரசின் செலவு குறையவில்லை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகியவற்றை நினைத்த மாத்திரத்தில் குறைக்கவும் முடியாது. கடன் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் 2020இல் நாட்டின் தரத்தை இறக்கின; வெளிநாட்டுச் சந்தையில் புதிதாகக் கடன் பெறும் வழி அடைபட்டது. எஞ்சியது மத்திய வங்கி. 2019 இறுதியில் அதனிடம் இருந்த அரச கடன் பத்திரங்களின் மதிப்பு 100 பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. 2022 இறுதியில் அது 2,500 பில்லியனைத் தாண்டியிருந்தது.

மறுபக்கத்தில், பொருள் கிடைக்கும் வழிகளும் ஒவ்வொன்றாக அடைபட்டன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலும் அதன் பின் வந்த பெருந்தொற்றும் சுற்றுலா வருமானத்தை அழித்தன. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே ஆணையில் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்ந்தபோது, ஆண்டின் முதன்மை நெற்பருவமான பெரும்போகத்தின் விதைப்புக் காலம் கைநழுவிக்கொண்டிருந்தது. அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவு கண்டிருந்த நாடு அரிசியை இறக்குமதி செய்ய நேர்ந்தது. அதற்கு டொலர் வேண்டும். டொலரோ ரூபாயின் மதிப்பை 200 என்ற மட்டத்தில் பிடித்து வைப்பதற்கும் பழைய கடனை அடைப்பதற்கும் கரைந்துகொண்டிருந்தது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு நாணயக் கையிருப்பு, 2021 இறுதியில் 3.1 பில்லியனாகச் சுருங்கியது. 2022 மே மாதத் தொடக்கத்தில், பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று அப்போதைய நிதியமைச்சர் அலி சப்ரி நாடாளுமன்றத்தில் கூறினார். தீவுக்குச் சரக்கு கொண்டுவரும் படகு நின்றுவிட்டது என்பதன் கணக்கு வடிவம் இது.

விலையை ஆணையால் பிடித்து வைக்கும் முயற்சியும் நடந்தது. அரிசி, சீனி, பால்மா ஆகியவற்றுக்கு உச்ச விலை நிர்ணயித்தார்கள். உச்ச விலை அடக்கச் செலவைவிடக் குறைவாக இருந்தால் வியாபாரி சரக்கை இறக்குவதில்லை. விலைப்பட்டியலில் பணவீக்கம் தெரியாது, வரிசையில் தெரியும். எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாள் கணக்கில் வரிசையில் நின்றவர்கள் செலவழித்த நேரம் எந்தச் சுட்டெண்ணிலும் ஏறவில்லை.

2022 மார்ச்சில் ரூபாயைப் பிடித்து வைக்க முடியாமல் விட்டபோது, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் டொலருக்கு 200 என்பது 360 ஆனது. வெளிநாட்டில் விலை ஒரு சதம்கூட ஏறாத பொருளுக்கும் இறக்குமதியாளர் 80 சதவீதம் கூடுதலாக ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாய். அதே காலத்தில் பணவீக்கம் 12.1 சதவீதத்திலிருந்து 54.6 சதவீதமாகத் தாவியது.

உலகச் சந்தையின் பங்கு எவ்வளவு?

உக்ரைன் போரால் 2022இல் எண்ணெயும் கோதுமையும் உலகெங்கும் விலையேறின; இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே எண்ணெயை வாங்கிய இந்தியாவில், அந்த ஆண்டின் உச்சப் பணவீக்கம் ஏப்ரலில் 7.79 சதவீதம். அங்கேயும் கொள்கை முடிவுகள் இருந்தன: மே மாதத்தில் கோதுமை ஏற்றுமதி நிறுத்தப்பட்டது, பெற்றோல் டீசல் மீதான மத்திய கலால் வரி குறைக்கப்பட்டது, ரிசர்வ் வங்கி, வணிக வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுங்காலக் கடனுக்கான ரெப்போ வட்டியை 4 சதவீதத்திலிருந்து படிப்படியாக 6.5 சதவீதத்துக்கு உயர்த்தியது. இரு நாடுகளின் அளவும் வளமும் வேறு என்பதால் இந்த ஒப்பீட்டை மிகவும் இழுக்கக் கூடாது. என்றாலும், 8க்கும் 70க்கும் இடையிலுள்ள தூரத்தை உலகச் சந்தையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

வட்டி உயர்ந்தால் விலை எப்படி அடங்கும்?

2022 ஏப்ரல் 8ஆம் தேதி, நந்தலால் வீரசிங்க ஆளுநராகப் பொறுப்பேற்ற மறுநாள், மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கொள்கை வட்டி வீதம் என்பது, வணிக வங்கிகள் மத்திய வங்கியிடம் பணம் வைக்கும்போது பெறும் வட்டியும், அதனிடம் கடன் வாங்கும்போது கட்டும் வட்டியும் ஆகும். வங்கிகள் வாடிக்கையாளருக்கு விதிக்கும் வட்டி இதைப் பின்தொடரும்.

வட்டியை உயர்த்தினால் அரிசி விளையாது, டொலரும் வராது. அப்படியிருக்க விலை ஏன் அடங்க வேண்டும்? கடன் விலையுயர்ந்ததாகும்போது வீடு கட்டுவதும் சரக்கு பதுக்குவதும் தள்ளிப்போகும். வைப்புக்குக் கிடைக்கும் வட்டி கூடும்போது, காசை இன்றே பொருளாக மாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் தணியும். இலங்கையில் இன்னொரு விளைவும் முக்கியமானது: திறைசேரி உண்டியலுக்கு 2022இன் பிற்பகுதியில் 30 சதவீதத்துக்கும் மேல் வட்டி கிடைத்ததால், அதுவரை அவற்றைத் தொடத் தயங்கியவர்கள் வாங்க முன்வந்தார்கள்; மத்திய வங்கியின் மீதான அழுத்தம் குறையத் தொடங்கியது. செலவு உற்பத்தியின் அளவுக்கு இறங்கி வந்தது. இந்த வாக்கியம் காகிதத்தில் சுலபமாக இருக்கிறது. நடைமுறையில் அதற்குப் பொருள், கடன் தவணை கட்ட முடியாத சிறு தொழிலகங்கள் மூடப்பட்டதும், பலர் வேலையிழந்ததும்தான்.

இறைக் கொள்கையும் திரும்பியது. பெறுமதிசேர் வரி 2022இல் முதலில் 12, பிறகு 15 சதவீதமாகவும், 2024 ஜனவரியில் 18 சதவீதமாகவும் உயர்ந்தது. வரி உயர்ந்தால் விலையும் உயரும், பிறகு எப்படிப் பணவீக்கம் குறையும் என்ற ஐயம் இங்கே எழும். 2024 ஜனவரியில் பணவீக்கம் 6.4 சதவீதமாக ஏறியது உண்மை. ஆனால் மார்ச்சில் அது 0.9 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. வரி உயர்வு விலையை ஒருமுறை மேலே தள்ளி நிறுத்தும். புதுப் பணத்தால் நிரப்பப்படும் பற்றாக்குறையோ மாதந்தோறும் தள்ளிக்கொண்டே இருக்கும். முன்னது பின்னதன் இடத்தை எடுத்துக்கொள்ளும்போது பணவீக்கம் தணிகிறது.

வளர்ச்சிக்கு விலையேற்றம் கூலியா?

வளர்ச்சி என்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியின் அதிகரிப்பு. ஆனால் விலையேற்றத்தைக் கழித்த பின் கிடைக்கும் அதிகரிப்பு. 2022இல் இலங்கையின் உற்பத்தி ரூபாய்க் கணக்கில் முந்தைய ஆண்டைவிட வெகுவாகப் பெருகியது. விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால் அது 7.3 சதவீதம் சுருங்கியிருந்தது.

பணவீக்கமும் வளர்ச்சியும் கைகோத்துத்தான் வரும் என்ற நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை உண்டு. ஆலைகள் முழுத்திறனில் ஓடாமல், ஆட்கள் வேலையின்றி இருக்கும் நாட்டில் அரசு செலவைக் கூட்டினால், முதலில் உற்பத்தி கூடும். முழுத்திறன் நெருங்கும்போது விலையும் மெல்ல ஏறத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் இரண்டும் சேர்ந்தே காணப்படும். அதைத் தாண்டிச் செலவைக் கூட்டினால் விலை மட்டும்தான் கூடும். மிக உயர்ந்த பணவீக்கம் உற்பத்தியையே தின்னவும் தொடங்கும்: நாளைய விலை தெரியாத முதலாளி ஒப்பந்தம் போட மாட்டார், டீசல் கிடைக்காத மீனவர் கடலுக்குப் போக மாட்டார். 2022இன் இலங்கை இந்த நிலையில் இருந்தது. விலை பாய்ந்து ஏற, உற்பத்தி வீழ்ந்தது.

இதற்கு நேர்மாறாக, 2024இல் உற்பத்தி 5 சதவீதம் வளர்ந்தது. அதே ஆண்டின் செப்டெம்பரிலிருந்து பணவீக்க வீதம் சுழியத்துக்குக் கீழே இருந்தது. டொலர் வரத்து சீராகி, ரூபாய் வலுப்பெற்று, மின்கட்டணமும் எரிபொருள் விலையும் குறைக்கப்பட்டபோது, பொருள் கிடைப்பதும் விலை தணிவதும் ஒருசேர நடந்தன. இதை வைத்து, விலை இறங்கினால் நாடு வளரும் என்று எதிர்ப்பக்கத்தில் ஒரு சூத்திரம் எழுதுவதும் தவறு. அந்த 5 சதவீதம் பள்ளத்திலிருந்து ஏறிய முதல் படி. 2024இலும் நாட்டின் உற்பத்தி 2018இன் அளவை எட்டியிருக்கவில்லை.

அரசு எதற்குச் செலவழிக்கிறது என்பதும் இங்கே முக்கியம். நீர்ப்பாசனக் குளமோ துறைமுகமோ பிற்காலத்தில் உற்பத்தியைக் கூட்டும். ஆனால் கட்டும் காலத்தில் அதுவும் வெறும் செலவுதான், சிமெந்துக்கும் கூலிக்கும் போட்டியிடும் செலவு. கட்டி முடித்த பின்னும் உற்பத்தி கூடாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 2013இல் திறக்கப்பட்ட மத்தளை விமான நிலையத்துக்கு விமானங்களைவிடக் கடன் தவணைகள்தான் ஒழுங்காக வந்தன.

சுருங்கச் சொன்னால், உற்பத்தித் திறன் கூடுவதால் வரும் வளர்ச்சி விலையேற்றத்தைத் தணிக்கும். செலவை மட்டும் கூட்டிப் பெறும் வளர்ச்சி, திறனின் எல்லை வரைதான் வளர்ச்சி.

இழப்பு யார் தலையில்?

ஊழியர் சேமலாப நிதி 2022ஆம் ஆண்டுக்கு 9 சதவீத வட்டி வழங்கியது. அந்த டிசம்பரில் பணவீக்கம் 57.2 சதவீதம். ஆண்டின் தொடக்கத்தில் 100 ரூபாய் வைத்திருந்த தொழிலாளியின் கணக்கில் ஆண்டு முடிவில் 109 ரூபாய் இருந்தது. முன்பு 100 ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கோ 157 ரூபாய் தேவைப்பட்டது. சேமிப்பின் வாங்கும் சக்தியில் ஏறத்தாழ 30 சதவீதம் ஓராண்டில் போய்விட்டது. அதே வேளையில், ரூபாயில் பட்டிருந்த அரசின் உள்நாட்டுக் கடனின் உண்மையான சுமையும் குறைந்தது. ஒருவரிடமிருந்து போனது இன்னொருவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் விவாதிக்காமலும் வாக்கெடுக்காமலும் திரட்டப்பட்ட வரி என்று இதைச் சொல்லலாம். 2019இல் குறைக்கப்பட்ட வரிகளால் அதிகம் பயன்பெற்றவர்கள் வசதியுள்ளோர். 2022இல் இந்த வரியை அதிகம் கட்டியவர்கள் கூலியையும் சேமிப்பையும் மட்டுமே நம்பியிருந்தவர்கள்.

2023ஆம் ஆண்டின் சட்டம்

2023 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசின் கடன் பத்திரங்களை மத்திய வங்கி அரசிடமிருந்து நேரடியாக வாங்குவதைத் தடை செய்கிறது. இந்தியாவில் இத்தகைய தடை, நிதிப் பொறுப்புச் சட்டத்தின் வழியாக 2006ஆம் ஆண்டிலிருந்து இருந்துவருகிறது. இலங்கையின் மத்திய வங்கிக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு 5 சதவீதப் பணவீக்கம். சுழியத்தை இலக்காக வைக்காததற்குக் காரணம் உண்டு. விலைகள் தொடர்ந்து இறங்கும் என்ற எதிர்பார்ப்பு மக்களிடம் ஊன்றிவிட்டால் வாங்குவதைத் தள்ளிப்போடுவார்கள், கடனின் உண்மைச் சுமை கூடும், தொழிலகங்கள் ஆட்களைக் குறைக்கும். சிறிதளவு பணவீக்கம் அந்த ஆபத்துக்கு இடைவெளி விடுகிறது.

இலக்கிலிருந்து இரண்டு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் தொடர்ந்து இரண்டு காலாண்டுகளுக்கு விலகினால், அதற்கான காரணத்தையும் சரிசெய்யும் வழியையும் மத்திய வங்கி நாடாளுமன்றத்துக்கு அறிக்கையாகத் தர வேண்டும். 70 சதவீதப் பணவீக்கத்தைக் கண்ட அச்சத்தில் எழுதப்பட்ட இந்த விதியின்படி, 2024ஆம் ஆண்டின் இரண்டாம், மூன்றாம் காலாண்டுகளுக்காக மத்திய வங்கி அறிக்கை கொடுக்க நேர்ந்தது. காரணம், பணவீக்கம் இலக்கைவிட மிகவும் குறைந்துபோனது.